மாலை ஆறு மணிச் சாலை: வேலூர் மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர் மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கும், அவர் தலைமையில் இயங்கும் மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவின் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

வேலை முடிந்த மாலைப் பொழுதில் வேலூரைச் சுற்றியுள்ள கிராமச் சாலைகளில் குழுவாக மிதிவண்டி ஓட்டும் சிலரின் சார்பில் இந்த மடலை எழுதுகிறேன். எங்களுக்குப் பதிவு எண்ணோ பெயர்ப்பலகையோ கிடையாது. செவிலியர், வங்கி ஊழியர், பள்ளி ஆசிரியர், படையில் பணி முடித்து ஊர் திரும்பியவர், மளிகைக் கடைக்காரர், கல்லூரி மாணவர் என்று பல தொழில் செய்பவர்கள் வாரத்தில் சில மாலைகளில் ஒன்றுகூடுகிறோம். ஒரு நாள் கணியம்பாடி வழியாக அமிர்தியை நோக்கியும், ஒரு நாள் அரியூர், ஊசூர் வழியாக அணைக்கட்டுப் பக்கமும், ஒரு நாள் காட்பாடியைத் தாண்டி சேர்க்காடு, மேல்பாடி, வள்ளிமலை என்றும் போய்விட்டு, இருட்டிய பிறகு வீடு திரும்புகிறோம்.

இருட்டும் வேளையில் இத்தகைய குழுக்களைச் சாலையில் அனுமதிக்கக் கூடாது, உடற்பயிற்சி வேண்டுமென்றால் மைதானத்துக்குள் சுற்றிக்கொள்ளட்டும் என்ற பேச்சு வாகன ஓட்டிகள் சிலரிடையே இருக்கிறது. தேநீர்க் கடைகளில் எங்கள் முகத்துக்கு நேராகவே சொன்னவர்களும் உண்டு. இந்தப் பேச்சு ஒரு மனுவாக உருவெடுத்து உங்கள் கூட்டத்தில் பொருளாக வருவதற்கு முன்பாக, அதே சாலையை அதே நேரத்தில் பயன்படுத்துகிறவர்கள் என்ற முறையில் எங்கள் தரப்பையும் நீங்கள் கேட்க வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள். எங்களை விலக்கிவிட்டாலும் மாலை ஆறு மணிக்கு அந்தச் சாலைகளில் மிதிவண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். விளக்கும் தலைக்கவசமும் வைத்திருக்கும் மிதிவண்டிகள் மட்டுமே இல்லாமற் போகும்.

மாலை நேரத்தை நாங்கள் விரும்பித் தேர்ந்தெடுத்தோம் என்று சொல்வதைவிட, இந்த ஊர் எங்களுக்கு விட்டுவைத்திருக்கும் நேரம் அது என்று சொல்வதே பொருந்தும். கத்திரி வெயிலில் நாற்பது டிகிரியைத் தாண்டும் நாட்களில் ஐந்து மணிக்கும் தார் கொதிக்கிறது. காலையில் ஓட்டலாம்தான், ஆனால் ஆறு மணிப் பணிமுறைக்குப் போகும் செவிலியரிடமும், விடியற்காலையில் கடை திறப்பவரிடமும் அதைச் சொல்லிப் பயனில்லை. கோடையில் இதனால் பெரிய தொல்லையும் இல்லை. ஜூலைத் தொடக்கத்தில் ஏறக்குறைய ஆறே முக்கால் வரை நம் ஊரில் சூரியன் இருக்கிறது. நவம்பர் கடைசியிலோ ஐந்தே முக்காலுக்கெல்லாம் மறைந்துவிடுகிறது. அதுவே வடகிழக்குப் பருவமழைக் காலமும், பள்ளிகளில் சிறப்பு வகுப்புகள் நீளும் காலமும் என்பதால், எங்கள் கவலை முழுவதும் அக்டோபர் முதல் ஜனவரி வரையிலான மாதங்களைப் பற்றியது.

அந்த மாதங்களில் ஒரு மாலையில் எங்களுடன் வந்து, சாலையில் வேறு யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பில் அரசு தரும் விலையில்லா மிதிவண்டியில், புத்தகப் பையைக் கேரியரில் வைத்து, பெரும்பாலும் தோழியையோ தம்பியையோ பின்னால் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சங்கத்துக்குப் பால் ஊற்றிவிட்டு வெறும் கேனுடன் திரும்பும் முதியவர் இருக்கிறார். நூறு நாள் வேலையோ கழனி வேலையோ முடித்துவிட்டுத் தலையில் விறகுடன் நடக்கும் பெண்கள் இருக்கிறார்கள். கம்மவான்பேட்டை போன்று வீட்டுக்கு வீடு படைவீரர் உள்ள ஊர்ப் பக்கங்களில் ராணுவத் தேர்வுக்காகச் சாலையோரம் ஓடிப் பழகும் இளைஞர்கள் இருக்கிறார்கள். இலவம்பாடிப் பக்கம் போனால், மறுநாள் சந்தைக்கான முள்ளுக் கத்திரிக்காயை மூட்டையாகக் கட்டி மொபெட்டில் கொண்டு போகிறவர், மூட்டை மறைப்பதால் பின்விளக்கு தெரியாமலேயே போய்க்கொண்டிருப்பார். எங்கள் குழுவில் உள்ள மிதிவண்டிகள் சிலவற்றின் விலை அந்த மொபெட்டின் விலையைத் தாண்டும் என்பதை நான் அறிவேன். அதனால்தான் எங்களைப் பார்த்ததும் பொழுதுபோக்குக்காரர்கள் என்ற எரிச்சல் சிலருக்கு வருகிறது. அந்த எரிச்சலை வைத்து எடுக்கும் முடிவு, பொழுதுபோக்குக்காக அல்லாமல் வேறு வழியின்றி மிதிக்கும் மற்றவர்கள் தலையில்தான் போய் விடியும்.

வாகன ஓட்டிகள் சொல்வதில் நியாயமே இல்லை என்று நாங்கள் வாதிடவில்லை. மிதிவண்டிக் குழுக்களில் சில, பேச்சு சுவாரசியத்தில் சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு போகின்றன. ஏரிக்கரையில் சூரியன் இறங்குவதைப் படம் பிடிப்பதற்காக வளைவிலேயே வண்டியை நிறுத்துகிறவர்கள் உண்டு. காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, பின்னால் பேருந்து ஹாரன் அடிப்பதே கேட்காமல் போகிறவர்கள் உண்டு. கைப்பேசிச் செயலியில் நேற்றைய வேகத்தை இன்று முந்த வேண்டும் என்பதற்காக ஊருக்குள்ளும் தலையைக் குனிந்தபடி பறக்கிறவர்களைக் கண்டால் எங்களுக்கே கோபம் வருகிறது. இவற்றைத் தடுக்கக் காவல்துறை நடவடிக்கை எடுத்தால் முதல் ஆதரவு எங்களுடையதாக இருக்கும். ஆனால் “ஓரமாகப் போங்கள்” என்ற ஒரு குறை மட்டும், நியாயமானது போலத் தோன்றினாலும், அளந்து பார்த்தால் நிற்காதது. அதைச் சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள்.

ஒரு வழித்தடச் சாலையின் தார்ப்பரப்பு 3.75 மீட்டர் அகலம் என்பது உங்கள் குழுவிலுள்ள பொறியாளர்கள் அறிந்ததே. அதற்கு அடுத்த நிலையிலுள்ள இடைநிலைச் சாலை 5.5 மீட்டர், இருவழிச் சாலை 7 மீட்டர். கிராமங்களை இணைக்கும் சாலைகளில் பெரும்பகுதி முதல் வகையைச் சேர்ந்தது. மிதிவண்டி ஓட்டுபவர் தார் விளிம்பிலிருந்து அரை மீட்டராவது உள்ளே இருந்தாக வேண்டும். அவருடைய கைப்பிடியின் அகலம் முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. முந்திச் செல்லும் கார் அவரிடமிருந்து ஒன்றரை மீட்டர் விலகிப் போக வேண்டும் என்று வைத்துக்கொண்டால், காரின் அகலமான ஒன்றே முக்கால் மீட்டரையும் சேர்த்து மொத்தம் சுமார் 4.4 மீட்டர் வேண்டும். இருப்பதோ 3.75. ஆகவே, நாங்கள் ஒருவர் பின் ஒருவராகப் போனாலும், இருவர் இருவராகப் போனாலும், தனியாக ஒரு பள்ளி மாணவி போனாலும், அந்தச் சாலையில் ஒரு கார் பாதுகாப்பாக முந்த வேண்டுமென்றால் அதன் வலப்பக்கச் சக்கரங்கள் மண்ணில் இறங்க வேண்டும், அல்லது அகலமான இடம் வரும்வரை அது பொறுத்திருக்க வேண்டும். நாங்கள் இன்னும் கொஞ்சம் ஓரத்துக்குப் போனால் இடம் கிடைத்துவிடும் என்பது கண்ணின் மயக்கம். அந்த மயக்கத்தில்தான் உரசல்கள் நடக்கின்றன.

ஒன்றரை மீட்டர் என்பது நாங்களாக இட்டுக்கட்டிய அளவும் அன்று. பிரான்சில் ஊருக்கு வெளியே மிதிவண்டியை முந்தும்போது ஒன்றரை மீட்டர் விலக வேண்டும். ஜெர்மனியில் 2020 முதல் ஊருக்குள் ஒன்றரை, ஊருக்கு வெளியே இரண்டு மீட்டர் என்று விதியிலேயே எண் கொடுத்திருக்கிறார்கள். அந்த நாடுகளின் சாலை வேறு, நம் சாலை வேறு என்று யாரும் சொல்லலாம். விழுந்தால் மண்டை உடைவது எல்லா நாட்டிலும் ஒன்றுதான். நம் சாலையில் விழுவதற்கான காரணமும் கூடுதலாக இருக்கிறது: தாரின் மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்துகொண்டே போக, பக்கத்து மண் மழையில் கரைந்து தாழ்ந்துகொண்டே போக, விளிம்பில் படி போல ஒரு வெட்டு உண்டாகிவிடுகிறது. மெல்லிய டயர் கொண்ட மிதிவண்டி அந்த வெட்டில் இறங்கினால் மீண்டும் ஏற முயலும்போது சக்கரம் உரசி, ஓட்டுபவர் சாலையின் உட்பக்கமாக, அதாவது பின்னால் வரும் வாகனத்தின் முன்னால் விழுகிறார். ஓரமாகப் போகச் சொல்பவர்கள் பெரும்பாலும் காரின் உள்ளிருந்து சொல்வதால் இந்த வெட்டு அவர்கள் கண்ணில் படுவதில்லை.

அகலத்தைப் போலவே நீளத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. இதில் எங்கள் பக்கம்தான் மாற வேண்டும் என்று கண்டு மாற்றிக்கொண்டுள்ளோம். பன்னிரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராகப் போனால் வரிசை அறுபது மீட்டரைத் தொடும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும் அந்த வரிசையை 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் முழுவதுமாக முந்த ஏறக்குறைய பத்து வினாடிகள் ஆகும். அதற்குள் அது 140 மீட்டர் ஓடியிருக்கும். எதிரே அதே வேகத்தில் ஒரு வண்டி வந்தால் அதுவும் 140 மீட்டர் நெருங்கியிருக்கும். ஆக 280 மீட்டர் தொலைவு தடையின்றித் தெரிந்தால்தான் முந்தலாம். புளியமரங்களும் வளைவுகளும் நிறைந்த நம் சாலைகளில் அப்படித் தெரியும் இடம் அரிது. எனவே நாங்கள் ஆறு பேராகப் பிரிந்து, இரு பிரிவுகளுக்கு நடுவே ஒரு பேருந்து புகுந்து நிற்கும் அளவுக்கு இடைவெளி விட்டுப் போகிறோம். பகலில் அகலமான சாலையில் இருவர் இருவராகச் செல்வதுண்டு, அதனால் வரிசை பாதியாகக் குறையும் என்பதால். விளக்கேற்றிய பிறகு எந்தச் சாலையிலும் ஒற்றை வரிசைதான். பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டால், கோயில் முன்றிலோ பேருந்து நிறுத்தமோ வரும் இடத்தில் இறங்கி நின்று வழி விடுகிறோம். இதற்கு நன்றியாகக் கையசைத்துப் போகும் லாரி ஓட்டுநர்கள் பலர். பொதுவாகவே, கனரக வண்டிகளை நெடுநாள் ஓட்டியவர்கள் எங்களிடம் காட்டும் பொறுமையைப் புதிதாகக் கார் வாங்கியவர்களிடம் காண்பது கடினமாக இருக்கிறது.

அடுத்து முகப்பு விளக்கு. எதிரே லாரி வந்தால் விளக்கை டிம் செய்யும் அதே ஓட்டுநர், எதிரே மிதிவண்டி வந்தால் செய்வதில்லை. அவரை வேண்டுமென்றே செய்கிறார் என்று குற்றம் சொல்ல மாட்டேன். மிதிவண்டியின் சிறு விளக்கைப் பார்த்ததும் எதிரே வாகனம் வருகிறது என்ற எண்ணமே அவருக்கு எழுவதில்லை, அவ்வளவுதான். ஆனால் கடையில் மாற்றிப் பொருத்திய வெள்ளை எல்இடி விளக்கின் முழு ஒளி கண்ணில் விழுந்தபின் சில வினாடிகளுக்கு முன்னிருக்கும் சாலை தெரியாது. அந்த வினாடிகளில் விளிம்பு எங்கே, பள்ளம் எங்கே என்று ஊகித்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கிறது. கூசுவது மிதிப்பவர் கண்ணுக்கு மட்டுமன்று. எதிரெதிரே வரும் இரு வாகனங்களில் ஒன்று டிம் செய்யாவிட்டால், அடுத்த வாகனத்தின் ஓட்டுநருக்குத் தம் இடப்பக்க ஓரத்தில் விளக்கில்லாமல் போகும் பள்ளி மாணவர் மறைந்தே போகிறார். ஒரு காலத்தில் இந்த ஊர்ச் சந்திகளில் விளக்கில்லாத மிதிவண்டியை நிறுத்திக் காவலர்கள் அபராதம் போட்டதையும், அதற்குப் பயந்து டயரில் உராயும் டைனமோவைத் தட்டிவிட்டு முக்கி முக்கி மிதித்ததையும் எங்கள் குழுவின் மூத்தவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். இன்று விளக்கு மலிவு. அதை வைத்துக்கொள்ளச் சொல்ல ஆளில்லை. மறுபக்கம், மிதமிஞ்சிய விளக்கைக் கழற்றச் சொல்லவும் ஆளில்லை.

சூரியனைப் பற்றியும் ஒரு சொல். வேலூரிலிருந்து விரிஞ்சிபுரத்து வழித்துணைநாதர் கோயில் பக்கமோ பள்ளிகொண்டாவுக்கோ மாலையில் புறப்பட்டால் மேற்கு நோக்கியே போக வேண்டும். ஐந்தரை மணிக்கு மேல் வெயில் நேராக முகத்தில் இறங்குகிறது; பின்னால் வரும் ஓட்டுநருக்கும் அப்படியே. அழுக்குப் படிந்த முன்கண்ணாடி முழுவதும் பொன்னிறமாக ஒளிரும் அந்த அரை மணி நேரத்தில் எங்கள் முதுகில் எந்த நிறச் சட்டை இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான். ஆகவே குளிர்காலத்தில் அந்தத் திசையை நாங்கள் விட்டுவிட்டு, தெற்கே கணியம்பாடிப் பக்கமோ வடக்கே வள்ளிமலைப் பக்கமோ போகிறோம். திசையைத் தேர்ந்தெடுக்கும் வசதி எங்களுக்கு இருக்கிறது. மேற்கே வீடு உள்ள மாணவருக்கு இல்லை.

கரும்பு அரவைப் பருவம் வந்துவிட்டால் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் டிராக்டர் டிரெய்லர்களின் பின்புறம் தோகையும் கரும்பும் தொங்கி, இருக்கும் சிவப்பு ரிஃப்ளெக்டரையும் மூடிவிடுகின்றன. இருபுறமும் புடைத்து நிற்கும் பாரம் சாலையின் அகலத்தில் முக்கால்வாசியை எடுத்துக்கொள்கிறது. இருட்டில் அத்தகைய டிரெய்லரின் பின்னால் இருசக்கர வாகனத்தில் மோதி இறந்தவர்களைப் பற்றிய செய்தி வராத ஆண்டு இல்லை என்றே சொல்லலாம். விவசாயிகளையோ டிராக்டர் ஓட்டுபவர்களையோ அபராதத்தால் மிரட்ட வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை; கரும்பின் விலையில் அவர்களுக்கு மிஞ்சுவது என்ன என்று எல்லோருக்கும் தெரியும். கரும்பை வெட்ட ஆலை கட்டிங் ஆர்டர் கொடுக்கும்போதே, பாரத்தின் மேல் கட்டித் தொங்கவிடுவதற்கு ஒளி திருப்பும் பட்டை தைத்த ஒரு சிவப்புத் துணியையும் கொடுத்து, எடைமேடையில் அது இருக்கிறதா என்று பார்த்தால் போதும். செலவு சிறிது, ஒரு பருவத்துக்கு ஒரு துணி.

அறுவடைக் காலத்தில் கேழ்வரகையும் கொள்ளையும் சாலையில் பரப்பி உலர்த்துவதும், சக்கரம் ஏறட்டும் என்று செடியோடு போடுவதும் பழைய வழக்கம். தானியத்தைக் காப்பாற்ற அடுக்கிய கற்கள், அள்ளிய பிறகும் இரவெல்லாம் சாலையில் கிடப்பதுதான் எங்களுக்கு ஆபத்து. உலர்களம் இல்லாத ஊராட்சிகளுக்கு அதை அமைத்துத் தருவதே இதற்குத் தீர்வு. ஊர்க்காரர்களே ஒரே இரவில் எழுப்பிய, வெள்ளைக் கோடு இல்லாத வேகத்தடைகளைப் பற்றியும் தெருநாய்களைப் பற்றியும் நீங்கள் வேறு பலரிடம் கேட்டிருப்பீர்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

இவையெல்லாம் சட்டத்துக்குப் புறம்பான ஆசைகள் அல்ல. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கில், நடந்து செல்வோரையும் மோட்டார் பொருத்தாத வண்டிகளையும் பற்றிய விதிகளை மோட்டார் வாகனச் சட்டத்தின் 138(1ஏ) பிரிவின்கீழ் ஆறு மாதத்துக்குள் வகுக்குமாறு 2025 அக்டோபரில் மாநிலங்களுக்கு ஆணையிடப்பட்டது. கண் கூசும் எல்இடி முகப்பு விளக்குகளைக் கட்டுப்படுத்தவும் அதே ஆணையில் அறிவுறுத்தல் உண்டு. விதி வகுப்பது மாநில அரசின் பொறுப்பு என்றாலும், கரும்பு டிராக்டரும் 3.75 மீட்டர்ச் சாலையும் உள்ள ஒரு மாவட்டத்துக்கு என்ன தேவை என்பதைச் சென்னையிலுள்ள தலைமைச் செயலகத்துக்கு எழுதி அனுப்ப உங்கள் குழுவைவிடத் தகுதியானவர் வேறு யார்?

வேகத்தைப் பொறுத்தவரை விதி வருவதற்குக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. 2018இல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையின்படி நான்குவழிச் சாலையிலோ நகராட்சி எல்லைக்குள்ளோ வராத மற்றச் சாலைகளில் கார்களுக்கு மணிக்கு 70 கிலோமீட்டர், இருசக்கர வாகனங்களுக்கும் சரக்கு வண்டிகளுக்கும் 60 கிலோமீட்டர் வரை உச்ச வரம்பு உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 112(2) பிரிவு, மக்கள் பாதுகாப்பை முன்னிட்டுக் குறிப்பிட்ட சாலைக்கோ பகுதிக்கோ அதைவிடக் குறைவான வரம்பை விதிக்க மாநில அரசுக்கும் அது அதிகாரம் தந்த அலுவலருக்கும் இடம் தருகிறது. 70 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், ஓட்டுநர் ஆபத்தைக் கண்ட கணத்திலிருந்து முழுவதும் நிற்க உலர்ந்த சாலையிலேயே சுமார் 60 மீட்டர் வேண்டும். 40 கிலோமீட்டர் என்றால் 30 மீட்டருக்குள் நின்றுவிடும். டிம் விளக்கில், கருநீலச் சீருடைப் பாவாடை அணிந்து மிதிக்கும் மாணவி 60 மீட்டர் தொலைவில் தெரிவாரா என்பதைப் போக்குவரத்துக் காவலர் எவரும் சொல்லுவார். எனவே, அக்டோபர் முதல் ஜனவரி வரை, மாலை ஐந்தரை மணி முதல் எட்டு மணி வரை, மேல்நிலைப் பள்ளிகளுக்குப் பிள்ளைகள் மிதிவண்டியில் வந்துபோகும் ஒற்றைத்தடச் சாலைகளில் எல்லா வாகனங்களுக்கும் 40 கிலோமீட்டர் வரம்பை அறிவிக்க வேண்டும் என்பதே எங்கள் முதல் கோரிக்கை. எந்தெந்தச் சாலைகள் என்பதைப் பள்ளித் தலைமையாசிரியர்களைக் கேட்டே முடிவு செய்யலாம். எங்கள் வழித்தடங்கள் அதில் இடம்பெறாவிட்டாலும் குறையில்லை.

இரண்டாவது, விலையில்லா மிதிவண்டிகள் பள்ளிகளில் வழங்கப்படும் அன்றே அவற்றின் பின் மட்கார்டிலும் மிதிகட்டைகளிலும் ஒளி திருப்பும் பட்டை ஒட்டப்பட வேண்டும். அந்த வேலைக்குப் பணியாட்கள் தேவையென்றால், பட்டையை மட்டும் கொடுங்கள். ஒட்டித் தருவதற்கு நாங்கள் வருகிறோம். மிதிகட்டையில் ஏன் என்று கேட்டால், மேலும் கீழுமாக ஏறி இறங்கும் ஒளியைக் கண்டதும் முன்னால் போவது ஒரு மனிதர் என்று ஓட்டுநரின் கண் உடனே பிடித்துக்கொள்கிறது. அசையாத ஒரு சிவப்புப் புள்ளியை அவர் மைல்கல் என்று எண்ணிவிடக்கூடும்.

மூன்றாவது, மழைக்காலம் முடிந்ததும் தார் விளிம்புகளில் கிராவல் மண் இட்டு, பெர்ம் எனப்படும் சாலையோர மண் தளத்தைக் கட்டும் வேலையில், இந்தப் பள்ளிச் சாலைகளுக்கு முன்னுரிமை வேண்டும். விளிம்பு வெட்டு ஆழமாக உள்ள இடங்களை வரைபடத்தில் குறித்து, துறைவாரியாகப் பிரித்துத் தனி மனுவாகக் கொடுக்க இருக்கிறோம். அதனால் இங்கே சாலைகளின் பெயரைச் சொல்லி யாரையும் சங்கடப்படுத்தவில்லை.

முகப்பு விளக்குச் சோதனையைத் தகுதிச் சான்று கொடுக்கும் நாளோடு முடித்துக்கொள்ளாமல், தலைக்கவசச் சோதனை நடத்தும் அதே மாலைகளில் கூட்டுச்சாலைகளில் நடத்தினால் நல்லது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு வெளியூரிலிருந்து வரும் வேன்களும் கார்களும் கிராமச் சாலையின் பழக்கம் தெரியாதவை. அங்கிருந்து புறப்படும் வழியில், மிதிவண்டிகள் செல்லும் சாலை என்று ஓட்டுநர்கள் படித்துப் புரிந்துகொள்ளும் வகையில் தமிழிலும் தெலுங்கிலும் ஒரு பலகை வைப்பது பெரிய காரியமன்று.

விபத்துக்குப் பிறகு என்ன ஆகிறது என்பதை வேலூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு சாலை விபத்தில் முதுகுத் தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அவருடைய முயற்சியால் 1966இல் திறக்கப்பட்ட மறுவாழ்வு மையம் பாகாயத்தில் இருக்கிறது. நாங்கள் ஓட்டேரிப் பக்கம் போகும் மாலைகளில் அந்த வழியாகத்தான் போகிறோம். எங்கள் குழுவிலுள்ள செவிலியர் ஒருவர், தலைக்கவசம் இல்லாமல் வருபவரைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்று பிடிவாதமாக இருப்பதற்கு, முதுகுத் தண்டு முறிந்தவர்களைப் பார்த்துப் பழகிய அவருடைய பணியே காரணம். தலைக்கவசம் தண்டுவடத்தைக் காக்காது என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் வேகத்தைப் பற்றி முதலில் எழுதச் சொன்னவரும் அவரே.

அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பவரைச் சாட்சியாகும்படி வற்புறுத்தக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவும் அதன்கீழ் வந்த விதிகளும் பாதுகாப்புத் தருவதும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021 முதல் மாநில அரசின் திட்டம் இருப்பதும் கிராமங்களில் இன்னும் பலருக்குத் தெரியவில்லை. சாலையில் கிடப்பவரைச் சுற்றி நின்று 108க்குக் காத்திருக்கும் கூட்டத்தில் பயமே மிகுதி. ஊராட்சி அலுவலகச் சுவர்களில் இதை எழுதி வைத்தால் எந்தச் சாலைப் பயணிக்கும் உதவும்.

எங்கள் பங்குக்கு நாங்கள் ஏற்றுக்கொண்டவற்றை எழுத்திலும் தருகிறோம். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கு இல்லாத வண்டி குழுவில் சேராது. முன்விளக்கு தரையை நோக்கித் தாழ்த்தப்பட்டிருக்கும். மின்னி மின்னி எரியும் முறை குழுவில் பயன்படுத்தப்படாது. இயர்போன் கிடையாது. பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்ந்தால் வேறு வேறு சாலையில் போவோம். பள்ளி விடும் நேரத்திலும் திருவிழா நாளிலும் ஊருக்குள் இறங்கித் தள்ளிக்கொண்டு போவோம். வள்ளிமலையில் ஆடிக் கிருத்திகைக்கும் அமிர்தியில் காணும் பொங்கலுக்கும் கூட்டம் வரும் நாட்களில் அந்தப் பக்கமே போக மாட்டோம். இவற்றில் எதையேனும் நாங்கள் மீறுவதைக் கண்டால் அபராதம் விதிக்க உங்களுக்கு எந்தத் தயக்கமும் வேண்டாம்.

குழுவின் அடுத்த கூட்டத்தில் இதைப் பொருளாகச் சேர்த்து, எங்களில் இருவருக்குப் பேச வாய்ப்புத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். பேருந்து ஓட்டுநர்கள், லாரி உரிமையாளர்கள், கரும்பு விவசாயிகள் ஆகியோரின் சங்கங்களையும் அழைத்தால் நல்லது. நாங்கள் இங்கே எழுதியதை அவர்கள் எதிரிலேயே சொல்லவும் அவர்கள் மறுத்துச் சொல்வதைக் கேட்கவும் விரும்புகிறோம். கூட்டத்துக்கு முன் நெடுஞ்சாலைப் பொறியாளரோ வட்டாரப் போக்குவரத்து அலுவலரோ ஒரு மாலை எங்களுடன் வர இசைந்தால், நவம்பர் மாதத்து நாள் ஒன்றைக் குறித்துச் சொல்லுங்கள். மிதிவண்டியும் தலைக்கவசமும் நாங்கள் கொண்டு வருகிறோம்; ஐந்தரை மணிக்குக் கணியம்பாடியில் புறப்பட்டால் ஏழரைக்குள் திரும்பிவிடலாம்.

இப்படிக்கு,
மாலை நேர மிதிவண்டிப் பயணிகள் சார்பில்,
வேலூரிலிருந்து ஒருவர்